ஆசிரியர் மீது புகார் எழுந்தபின் பெற்றோர் ஆலோசனைக் குழுவில் சேர அழைக்கிறார்கள்: என்ன கேட்க வேண்டும்?

கேள்வி
எழுதியவர்: 7ஆம் வகுப்பு அம்மா

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவில் நடுத்தர அளவுள்ள ஒரு பள்ளி மாவட்டத்தில் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) என் பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். மாவட்டத்தின் பெயரையும் ஊரையும் நான் எழுதப் போவதில்லை. விசாரணை இன்னும் முடியவில்லை. சம்பந்தப்பட்ட பிள்ளைகளை யாரும் அடையாளம் கண்டுவிடவும் கூடாது.

நான்கு மாதங்களுக்கு முன்பு, என் மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியில் ஓர் ஆசிரியர் திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வரவில்லை. விடுப்பில் இருக்கிறார் என்று மட்டும் பிள்ளைகளிடம் சொன்னார்கள். உடம்புக்கு ஏதோ முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு வகுப்பே சேர்ந்து ஒரு வாழ்த்து அட்டை எழுதியது. என் மகளும் அதில் படம் வரைந்து கையெழுத்திட்டாள். இரண்டு வாரங்கள் கழித்து, மாணவியரிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாக அவர்மீது காவல்துறை விசாரணை நடப்பதைத் தொலைக்காட்சிச் செய்தியில் தெரிந்துகொண்டோம். மாவட்டத்தின் மின்னஞ்சல் அன்றிரவு 11 மணிக்குத்தான் வந்தது. அந்த அட்டையைத் திரும்ப வாங்கிவிட முடியுமா என்று மகள் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வெளிவந்தது. அதே ஆசிரியரைப் பற்றி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தாய் பள்ளி முதல்வருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். எங்கள் பெற்றோர் வட்டாரம் கொதித்தது அன்றைக்குத்தான். ஆசிரியர்மீதான குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும், அதுவரை நான் காத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கடிதம் யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்பதைச் சொல்ல எந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

பள்ளி வாரியக் கூட்டத்துக்குப் போனேன். சீட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்குத் தலா 3 நிமிடம். மேசைமீது இருந்த சிறு விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளாகிச் சிவப்பானதும் ஒலிவாங்கியை அணைத்துவிட்டார்கள். வாரிய உறுப்பினர்களில் ஒருவரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. கடைசியில் மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர், எழுதிவைத்திருந்த ஒரு பக்கத்தை நிமிராமல் படித்து முடித்தார். மாணவர் பாதுகாப்பே தலையாய கடமை என்றும், பணியாளர் விவகாரம் என்பதாலும் 'ஃபெர்பா' சட்டத்தாலும் மேற்கொண்டு பேச இயலாது என்றும் அதில் இருந்தது.

இப்போது மாவட்டம் ஒரு 'நம்பிக்கை மீட்பு ஆலோசனைக் குழு' அமைத்து, அதில் என்னையும் சேரச் சொல்கிறது. ஆறு கூட்டங்கள், பிறகு ஓர் அறிக்கை. என் கணவர், படம் எடுத்துப் போட ஆள் சேர்க்கிறார்கள் என்கிறார். தெரிந்த தமிழ்க் குடும்பங்களோ, நமக்கு எதற்கு இந்த வேலை, பிள்ளை பெயர் அடிபடும் என்று தயங்குகிறார்கள். பள்ளி நிர்வாகத்திலோ இத்தகைய குழுக்களிலோ அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்: சட்டப்படி அவர்களால் உண்மையிலேயே சொல்ல முடியாதது எது, சாக்கு எது? இந்தக் குழுவில் உட்கார்ந்தால் நான் எதைக் கேட்க வேண்டும்?

பதில் 1
எழுதியவர்: ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர்

சகோதரிக்கு வணக்கம். வேறொரு மாநிலத்தில், ஒரு பள்ளி மாவட்டத்தின் மனிதவள அலுவலகத்தில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். நீங்கள் மேடையில் கண்டது போன்ற ஒரு பக்க அறிக்கைகளை எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

உங்கள் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. ஆசிரியர் என்ன செய்தார் என்பது ஒரு கோப்பு. மாவட்டம் என்ன செய்தது என்பது இன்னொரு கோப்பு. முதல் கோப்பைத் திறக்க முடியாததற்கு உண்மையான காரணங்கள் உண்டு. அரசுப் பள்ளியில் நிரந்தரப் பணியில் இருப்பவரை நீக்குவதற்கு முன்பு, அவர்மீதான குற்றச்சாட்டு இன்னதென்று அவருக்குத் தெரிவித்து, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பளிக்க வேண்டும் என்று 1985இல் லவுடர்மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சம்பளத்துடன் விடுப்பில் அனுப்புவதைப் பார்த்து 'இன்னும் சம்பளமா' என்று பெற்றோர் கொதிப்பார்கள். அந்த நடைமுறையை மீறி அவசரப்பட்டு நீக்கினால், பின்னர் வழக்குப் போட்டு அவர் வேலையைத் திரும்பப் பெற வழி பிறக்கும். பேசாவிட்டால் வேலை போகும் என்று மிரட்டி ஓர் அரசுப் பணியாளரிடம் பெற்ற வாக்குமூலத்தைக் குற்ற வழக்கில் அவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்கிறது 1967இன் கேரிட்டி தீர்ப்பு. பள்ளி நிர்வாகம் முந்திக்கொண்டு விசாரித்தால் காவல்துறையின் வழக்கு பழுதாகலாம். அதனால்தான் பல நேரங்களில் காவல்துறையே 'கொஞ்சம் பொறுங்கள்' என்று கேட்டுக்கொள்கிறது. இவை சாக்குகள் அல்ல.

ஃபெர்பா விஷயம் வேறு. 1974ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் காப்பது மாணவர்களின் கல்விப் பதிவுகளை. பணியாளரின் கோப்புக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. பணியாளர் கோப்பை ஆள்பவை அந்தந்த மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டமும் தொழிற்சங்க ஒப்பந்தமும்தான். புகார் கொடுத்த மாணவியின் பெயரைச் சொல்ல ஃபெர்பா தடை போடும். முதல்வருக்கு வந்த கடிதத்துக்கு எத்தனை நாளில் பதில் போனது என்று சொல்ல அது தடையாக இராது. அடுத்த முறை யாராவது அந்தச் சொல்லை உச்சரித்தால், எந்த மாணவருடைய எந்தப் பதிவு வெளியாகும் என்று பணிவோடு கேளுங்கள். அறையில் சற்று நேரம் அமைதி நிலவும்.

அப்படியானால் கடிதத்தைப் பற்றி ஏன் வாய் திறக்க மாட்டேன் என்கிறார்கள்? பணம்தான் காரணம். 1998இல் கெப்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓர் அளவுகோல் வைத்தது: ஆசிரியரின் பாலியல் அத்துமீறலுக்காக, கல்வியில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் டைட்டில் நைன் சட்டத்தின் கீழ் மாவட்டத்திடம் இழப்பீடு பெற வேண்டுமானால், நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ள ஓர் அலுவலருக்கு அது உண்மையிலேயே தெரிந்திருந்தது என்பதையும், தெரிந்தும் அவர் அலட்சியமாக இருந்தார் என்பதையும் காட்ட வேண்டும். 'முதல்வருக்குத் தெரியும்' என்ற இரண்டு சொற்கள் வழக்கில் எவ்வளவு பெறும் என்பதை மாவட்டத்தின் வழக்கறிஞர் அறிவார். ஆகவே அந்த இரண்டு சொற்களை யாரும் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்வதே அவருடைய வேலை. அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஊரோடு பேசும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்த வாரியத்தைக் குறை சொல்வேன்.

வாரியத்தார் பதில் பேசாமல் இருந்ததற்கு ஒரு விளக்கம்: பல மாநிலங்களின் திறந்த கூட்டச் சட்டப்படி, நிகழ்ச்சி நிரலில் இல்லாத பொருளை அவர்கள் விவாதிக்கக் கூடாது. அதனால் 3 நிமிடப் பேச்சை நம்பாதீர்கள். பொருளை நிகழ்ச்சி நிரலில் ஏற்றச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

குழுவில் சேருங்கள். ஆனால் சேருவதற்கு முன்பே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மாவட்டம் 'சுயேச்சையான விசாரணை' நடத்துவதாகச் சொல்லியிருக்கும், எல்லாரும் சொல்வார்கள். அதை நடத்துவது யார்? மாவட்டத்துக்காக வழக்காடும் சட்ட நிறுவனமே விசாரித்தால், அறிக்கை வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான இரகசியம் என்று சொல்லிப் பூட்டிவிடலாம். விசாரணை முடிந்தபின் 'வெளியிடுங்கள்' என்று கேட்பது வீண். தொடங்கும் முன்பே, விசாரணை அதிகாரி கண்காணிப்பாளருக்கு அன்றி வாரியத்துக்கு நேரடியாக அறிக்கை தருவார் என்பதையும், பெயர்கள் நீக்கிய சுருக்கம் இன்ன மாதத்துக்குள் வெளியாகும் என்பதையும் வாரியத் தீர்மானமாகப் பெற வேண்டும்.

இன்னொன்றையும் என் மனச்சாட்சிக்காக எழுதுகிறேன். 'அமைதியாக ராஜினாமா' என்றொரு வழக்கம் எங்கள் துறையில் நெடுங்காலம் இருந்தது. புகாருக்கு உள்ளானவர் தானாக விலகிக்கொள்வார். மாவட்டம் அவரைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொல்லாது என்று ஒப்பந்தம் போடும். அவர் பக்கத்து மாவட்டத்தில் வேலைக்குச் சேருவார். குப்பையை அடுத்த வீட்டு வாசலில் தள்ளுவது என்று இதை எங்களுக்குள் சொல்லிக்கொள்வோம். ஆசிரியர் உரிமத்தின் மீது நடவடிக்கை எடுத்திருந்தால்தான் மாநிலங்களுக்கு இடையிலான தகவல் தொகுப்பில் பெயர் ஏறும். ராஜினாமா செய்தவரின் பெயர் அதில் ஏறாமலே போய்விடும். 2015ஆம் ஆண்டின் கூட்டாட்சிக் கல்விச் சட்டம், பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாக நம்ப இடமுள்ள பணியாளர் வேறு வேலை தேடிக்கொள்ளப் பள்ளிகள் உதவக் கூடாது என்று தடுத்தது. பென்சில்வேனியா 2014லேயே, புதிதாகச் சேருபவரின் முந்தைய பணியிடங்களைத் தொடர்புகொண்டு விசாரித்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. உங்கள் மாவட்டம் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை இரகசியப் பிரிவு ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டது என்ற எண்ணிக்கையைக் கேளுங்கள். பெயர் வேண்டாம், எண் போதும்.

பதில் 2
எழுதியவர்: கணக்கு டீச்சர்

ஐயா நிர்வாகத்தின் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார். நான் வகுப்பறையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பள்ளியிலும் சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படி ஒன்று நடந்தது. அந்த ஆசிரியரின் அறை என் அறைக்கு இரண்டு கதவுகள் தள்ளி.

'உங்களுக்குத் தெரியாதா' என்று எல்லாரும் கேட்டார்கள். தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. மதிய இடைவேளையில் அவர் அறைக் கதவின் சிறு கண்ணாடியை ஒரு சுவரொட்டி மறைத்திருக்கும். ஒரே மாணவி அடிக்கடி அங்கே இருப்பாள். அவர் அவளுக்குத் தன் சொந்தக் கைபேசியிலிருந்து செய்தி அனுப்புவார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் குற்றம் இல்லை. வீட்டில் கஷ்டப்படும் பிள்ளைக்கு ஆறுதலாக இருக்கிறார் என்றே நானும் நினைத்தேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

சட்டம் என்னவோ தெளிவாகத்தான் இருக்கிறது. எல்லா மாநிலங்களிலும் ஆசிரியர்கள் கட்டாயம் புகாரளிக்க வேண்டியவர்கள். நியாயமான சந்தேகம் இருந்தாலே போதும், நிரூபணம் தேவையில்லை. கலிஃபோர்னியாவில் உடனே தொலைபேசியில் சொல்லிவிட்டு, 36 மணி நேரத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். முதல்வரிடம் சொல்லிவிட்டேன் என்பதால் என் கடமை தீராது. ஆனால் நான் கண்டது சந்தேகத்துக்குக் கீழே ஒரு படியில் இருந்தது. ஒரு மனிதரின் வாழ்க்கையே கவிழ்ந்துவிடக்கூடிய தொலைபேசி அழைப்பு ஒரு பக்கம், ஒன்றும் செய்யாமல் இருப்பது மறு பக்கம். இவற்றுக்கு நடுவில் எனக்கு எந்த வாசலும் இல்லை.

இங்கிலாந்தின் பள்ளிப் பாதுகாப்பு வழிகாட்டியில் 2021இல் இதற்கு ஒரு வழி சேர்த்தார்கள். 'கீழ்நிலைக் கவலை' என்று அதற்குப் பெயர். குற்றமென்று சொல்ல முடியாத, ஆனால் நடத்தை நெறிக்கு ஒவ்வாத சிறு விஷயங்களைக்கூட எழுதிவைக்க வேண்டும், அவற்றைச் சேர்த்துப் பார்க்க ஒருவர் இருக்க வேண்டும். கண்ணாடியை மறைத்ததை நான் எழுதியிருப்பேன், கைபேசிச் செய்தியை வேறொருவர் எழுதியிருப்பார், இரண்டும் ஒரே மேசைக்குப் போயிருக்கும். எழுதுவதற்கு ஆசிரியர் அஞ்ச வேண்டியதில்லை, ஏனென்றால் அது குற்றச்சாட்டே இல்லை. தன்னைப் பற்றித் தானே எழுதவும் செய்யலாம்: 'இன்று மழையில் ஒரு மாணவியைக் காரில் வீட்டில் விட்டேன், வேறு வழியில்லை' என்று. நேர்மையான ஆசிரியருக்கு இதுவே பெரிய பாதுகாப்பு. உங்கள் குழு இந்த ஒன்றைக் கொண்டுவந்தாலே, நூறு சுவரொட்டிகளைவிட மேல்.

தயவுசெய்து எங்களையும் அந்தக் குழுவில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். புகார் வெளியான மறுநாள் முதல் எங்கள் பள்ளியில் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விளையாட்டுத் திடலில் விழுந்து முட்டி பெயர்ந்த ஒரு சிறுவனை நான் குனிந்து தூக்கியபோது, பக்கத்தில் நின்ற ஆசிரியை 'கேமரா இருக்கும் இடம்தான், பரவாயில்லை' என்றார். பையன் அழுதுகொண்டிருந்தான்; நாங்கள் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தொழிற்சங்கத்தின் மேல் பெற்றோருக்குக் கோபம் இருப்பதும் தெரியும். சங்கம் அவருக்கு வழக்கறிஞர் வைத்துக் கொடுப்பது விசாரணை முறையாக நடப்பதற்காக; செயலுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அன்று.

கேள்வி கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: 7ஆம் வகுப்பு அம்மா

இருவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி விசாரித்தேன். விசாரணை நடத்துவது மாவட்டத்துக்காக வழக்கமாக வழக்காடும் அதே நிறுவனம்தான். குழுவின் நோக்கக் குறிப்பில் 'கடந்த காலத்தை ஆராய்வது இக்குழுவின் வேலை அன்று, எதிர்காலத்தை நோக்கி நகர்வதே' என்று எழுதியிருக்கிறார்கள். எதிர்காலம் என்றால் எதிலிருந்து நகர்வது என்று கேட்கத் தோன்றுகிறது. முன்பு இத்தகைய குழுவில் இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

பதில் 3
எழுதியவர்: குழுவில் ஒன்றரை ஆண்டு இருந்தவன்

இருந்திருக்கிறேன், அம்மா. எங்கள் மாவட்டத்தில் நடந்தது வேறு வகை ஒழுங்கீனம். பேச்சு வராத, சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளிடம் இரு உதவியாளர்கள் கடுமையாக நடந்துகொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. ஆனால் பிறகு நடந்தவை எல்லாம் நீங்கள் எழுதியது போலவேதான். அதே இரவு மின்னஞ்சல், அதே ஒரு பக்கம்.

முதல் ஆறு மாதம் வீணாகப் போயிற்று. 'செவிமடுக்கும் கூட்டம்' என்று நான்கு வைத்தார்கள். வட்டமாக நாற்காலி போட்டு, வண்ணத் தாள்களில் எங்கள் உணர்வுகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். நான் மஞ்சள் தாளில் 'முந்தைய புகார்கள் எத்தனை?' என்று எழுதி ஒட்டினேன். கூட்டத்தை நடத்திய அம்மையார் அதைப் படித்துவிட்டு, இது உணர்வு இல்லையே, கேள்வியாயிற்றே என்றார். அந்த மஞ்சள் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன்பின் நம்பிக்கையை அளக்க ஒரு கருத்துக்கணிப்பு நடத்தினார்கள். நம்பிக்கை இழந்த குடும்பங்கள் அதை நிரப்பவே இல்லை, ஆகவே முடிவு நன்றாக வந்தது.

நிலைமை மாறியது ஒரு சாதாரணப் பட்டியலால். புகார்கள் பற்றிய எண்களை மாதந்தோறும் வெளியிட வைத்தோம்: எத்தனை வந்தன, அவற்றில் எத்தனை 24 மணி நேரத்துக்குள் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்கோ காவல்துறைக்கோ போயின, எத்தனை முடிந்தன, எத்தனை எத்தனை நாளாகக் கிடக்கின்றன. பெயர் இல்லை, பள்ளி இல்லை. முதல் மாதம் எண்கள் மோசமாக இருந்தன, அதையும் அப்படியே போட்டார்கள். மோசமான எண்ணைத் தாங்களே வெளியிட்டார்கள் என்பதால்தான் இரண்டாம் மாதத்து எண்ணை ஊர் நம்பியது. புகார்கள் கூடினால் நிலைமை கெட்டுவிட்டது என்று அஞ்சாதீர்கள்; முதலில் கூடத்தான் செய்யும், சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் பேசாதவர்களும் பேசுவார்கள்.

பெரிய மாவட்டங்களில் இதை எப்படிச் செய்தார்கள் என்று அப்போது தேடிப் படித்தேன். சிகாகோவில் 2018இல் சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழ் வெளியிட்ட புலனாய்வுத் தொடருக்குப் பிறகு, மாணவர்மீது பெரியவர்கள் செய்ததாகச் சொல்லப்படும் பாலியல் அத்துமீறல்களை விசாரிக்கும் பொறுப்பை மாவட்டத்தின் சட்டப் பிரிவிடமிருந்து எடுத்து, முறைகேடுகளைத் தனித்து விசாரிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகத்திடம் கொடுத்தார்கள். வழக்காடும் கையும் விசாரிக்கும் கையும் பிரிந்தன. அந்த அலுவலகம் பெயர் குறிப்பிடாமல் வழக்குகளின் சுருக்கத்தை ஆண்டறிக்கையில் வெளியிடுகிறது. நீங்கள் கண்டுபிடித்த 'அதே நிறுவனம்' விஷயத்துக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாக வைக்க வேண்டும்.

மறுபக்கம் லாஸ் ஏஞ்சலஸ். 2012இல் மிராமோன்டே தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் கைதானபோது, மாவட்டம் அந்தப் பள்ளியின் ஆசிரியர், ஊழியர் அனைவரையும் ஒட்டுமொத்தமாக மாற்றியது. உறுதியான நடவடிக்கை போலத்தான் இருந்தது. ஆனால் அதிர்ச்சியில் இருந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட மறுவாரம் பள்ளியில் இல்லை. பெற்றோரிலேயே பலர் அதை எதிர்த்தார்கள். 2014 நவம்பரில் அந்த மாவட்டம் 139 மில்லியன் டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஆட்களை மாற்றினால் ஊர் அமைதியாகிவிடும் என்று யாராவது உங்கள் குழுவில் சொன்னால் இதை நினைவூட்டுங்கள்.

சிகாகோத் தொடக்கப் பள்ளிகளைப் பல ஆண்டுகள் கவனித்து பிரைக், ஷ்னைடர் என்ற இரு ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பள்ளியில் ஒருவரை ஒருவர் நம்புவது நான்கைப் பொறுத்தது என்றார்கள்: மதிப்பு, தனிப்பட்ட அக்கறை, தத்தம் வேலையில் திறமை, சொன்னபடி நடக்கும் நேர்மை. எங்கள் மாவட்டம் முதல் இரண்டையும் வாரி வழங்கியது. தேநீர், அன்பான சொற்கள், கைகுலுக்கல். எங்களுக்குக் குறையாக இருந்தவை கடைசி இரண்டும்.

உங்கள் மாவட்டம் செய்ய வேண்டிய முதல் வேலை குழுவே இல்லாமல் செய்யக்கூடியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு கடிதம் எழுதிய அந்தத் தாயின் வீட்டுக் கதவைக் கண்காணிப்பாளர் போய்த் தட்ட வேண்டும். வழக்கறிஞர் வேண்டாம் என்பார். எங்கள் கண்காணிப்பாளர் எட்டு மாதம் கழித்துப் போனார், ஒரு தாத்தாவிடம். அவர் தன் பேரனுக்காக மூன்று முறை தொலைபேசியில் சொல்லியும் யாரும் குறித்துக்கொள்ளாமல் விட்டிருந்தார்கள். 'நீங்கள் சொன்னீர்கள், நாங்கள் எழுதவில்லை' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாராம். அடுத்த கூட்டத்துக்கு அந்தத் தாத்தா வந்தார். அவர் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள்.

தமிழ்க் குடும்பங்கள் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். அவர்களை வாரியக் கூட்டத்துக்கு இழுக்காதீர்கள். யாராவது ஒருவர் வீட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து கேள்விகளை எழுதுங்கள், நீங்கள் எடுத்துச் செல்லுங்கள். ஆங்கிலத்தில் போதிய பழக்கம் இல்லாத பெற்றோருக்கு முக்கியமான தகவல்களை அவர்களுக்குப் புரியும் மொழியில் தருவது மாவட்டத்தின் சட்டக் கடமை; இரவு 11 மணி மின்னஞ்சல் எத்தனை மொழிகளில் போயிற்று என்றும் கேளுங்கள்.

பதில் 4
எழுதியவர்: பெயர் வேண்டாம்

இங்கே எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வேறொரு மாவட்டத்தில், புகார் கொடுத்த பிள்ளைகளில் ஒருத்தியின் தந்தை நான்.

உங்கள் கேள்விகள் எல்லாம் நியாயமானவை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். 'வெளிப்படைத்தன்மை' என்று கூட்டத்தில் ஒவ்வொருவரும் முழங்கியபோது, என் மகள் வீட்டில் உட்கார்ந்து அடுத்து எந்த விவரம் வெளியாகுமோ என்று நடுங்கினாள். எந்த வகுப்பு, எந்த ஆண்டு என்று இரண்டு தகவல் சேர்ந்தாலே பள்ளியில் எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். எண்களை வெளியிடச் சொல்லுங்கள், ஆனால் ஒன்று இரண்டு என்று சிறிய எண் வரும் இடத்தில் பள்ளிவாரியாகப் பிரிக்காதீர்கள்.

அந்த ஆசிரியரைப் பிடித்த பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் திரும்பி வர வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள், என் மகளிடமும் நீட்டினார்கள். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. உங்கள் மகள் எழுதிய அட்டையும் அப்படித்தான். அதற்காக அவள் வருந்த வேண்டியதில்லை என்று என் சார்பில் சொல்லுங்கள்.

ஆலோசனைக்குப் பள்ளியின் ஆலோசகரிடமே போகச் சொன்னார்கள். அதே கட்டடம், அதே நடைக்கூடம். அவள் போகவில்லை. வெளியே ஒருவரிடம் போனோம், செலவை மாவட்டம் ஏற்க ஐந்து மாதம் ஆயிற்று. குழுவில் ஒரே ஒரு தீர்மானம் நிறைவேற்ற முடியும் என்றால், வெளி ஆலோசகருக்கான செலவை முதல் வாரத்திலேயே, எதையும் ஒப்புக்கொள்ளச் சொல்லாமல், எதிலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்க வேண்டும் என்பதை நிறைவேற்றுங்கள்.

கேள்வி கேட்டவரின் குறிப்பு
எழுதியவர்: 7ஆம் வகுப்பு அம்மா

பெயர் சொல்லாத சகோதரருக்கு: நீங்கள் சொன்னதை மகளிடம் அப்படியே சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. இரவு தூங்கும் முன்பு, 'அந்த அண்ணா பொண்ணு நல்லா இருக்காளா' என்று கேட்டாள்.

குழுவில் சேர ஒப்புக்கொண்டுவிட்டேன். முதல் கூட்டம் வரும் வியாழக்கிழமை. வெளி ஆலோசகரின் செலவு, கீழ்நிலைக் கவலைகளுக்கு ஒரு வழி, மாதாந்திர எண்கள், விசாரணையை வேறு நிறுவனத்துக்கு மாற்றுவது, இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி, நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லி அனுப்பினேன். ஐந்தாவதாக, இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய கடிதத்துக்கு எத்தனை நாளில் என்ன நடந்தது என்பதையும் கேட்டேன். முதல் நான்கையும் சேர்த்துக்கொள்வதாகப் பதில் வந்திருக்கிறது. ஐந்தாவதைச் சட்ட ஆலோசகரின் பரிசீலனைக்கு அனுப்பியிருக்கிறார்களாம்.

பதில் 5
எழுதியவர்: ஓய்வுபெற்ற மனிதவள அலுவலர்

எதிர்பார்த்ததுதான், சகோதரி. அந்தப் பதிலைத் தேதியோடு அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஐந்தாவது கேள்வி எத்தனை நாளாகப் பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் கேட்டு, விடையைக் கூட்டக் குறிப்பில் பதியச் சொல்லுங்கள்.